கண்ணாடிக் கடைப் பலகை

கால்பந்துக் கழகத்திலிருந்து வந்த கடிதத்தைக் கண்ணாடிக்காரர் மூன்று முறை படித்தார். முதலில் தன் கண்ணாடியோடு, பிறகு அதைக் கழற்றிவிட்டு, கடைசியில் கடையிலேயே அதிகப் பவர் உள்ள கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. மூன்று முறையும் அதில் ஒரே செய்திதான் இருந்தது.

கடை வாசலில் உள்ள பலகையில் பயிற்சியாளரையும் ஆட்டக்காரர்களையும் பற்றி எழுதுவதை அவர் வெள்ளிக்கிழமைக்குள் நிறுத்த வேண்டும். இதுவரை எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். தவறினால், மைதானத்தின் முதல் வரிசையில் அவர் குடும்பத்துக்கு ஒதுக்கியிருக்கும் இரண்டு நாற்காலிகளும் திரும்பப் பெறப்படும். கீழே கழகச் செயலாளரின் கையெழுத்து.

"நாற்காலியை எடுத்துடுவானாம். யாரோட நாற்காலியை? எங்கப்பா உட்கார்ந்த நாற்காலியை!"

அவருடைய மனைவி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அதான் மூணு தடவை படிச்சுட்டீங்களே. நாலாவது தடவை படிச்சா மனசு மாறிடுவானா?"

சிலர் வீட்டில் மானம் பெட்டியில் இருக்கும். சிலர் வீட்டில் அது பேச்சில் மட்டும் இருக்கும். கண்ணாடிக்காரர் குடும்பத்தில் அது முதல் வரிசையில் இரண்டு மர நாற்காலிகளாக இருந்தது. மைதானம் வெறும் முள்காடாகக் கிடந்த காலத்தில், முதல் கோல் கம்பங்களைத் தன் தோளில் சுமந்து கொண்டுவந்து நட்டவர் அவருடைய அப்பா. அந்த நன்றிக்காகக் கழகம் கொடுத்த நாற்காலிகள் அவை. முதுகில் அப்பாவின் பெயர் எழுதியிருக்கும். அப்பா இருந்தவரை அப்பா உட்கார்ந்தார். பிறகு இவர் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் இவருடைய குடை உட்கார்ந்தது. வேறு யாரும் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

பலகையும் அப்பா மாட்டியதுதான். வெள்ளிக்கிழமை காலையில் கண்ணாடிக்காரர் அதில், நாளை எந்தப் பதினொரு பேர் ஆட வேண்டும், யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை அதை அழித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவார். கண் பரிசோதனை அட்டையைப் போலவே முதல் வரி பெரிதாக இருக்கும். போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். கடைசி வரியைப் படிக்க முடியாதவர்கள் அப்படியே உள்ளே வந்து கண்ணைக் காட்டிவிட்டுப் போவார்கள்.

அந்த ஞாயிறு எழுதிய தீர்ப்பு இன்னும் அழியாமல் இருந்தது.

'பத்தாவது தோல்வி.

பின்னால் நிற்க வேண்டிய பேக்கை முன்னால் ஃபார்வர்டாகப் போட்ட மூளைக்கு எந்தப் பவரும் போதாது.

கோல்கீப்பர் மரியாதை தெரிந்த பிள்ளை. பந்து வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறார்.

பத்தாம் நம்பர் ஆட்டக்காரர் தலைமுடி கலையாமல் வீடு திரும்பினார்.

கேப்டன் ரெஃப்ரியோடு பேசியதில் பாதியைப் பந்தோடு பேசியிருக்கலாம்.'

"இதுல எந்த வரி பொய்? சொல்லட்டுமே!" என்றார் கண்ணாடிக்காரர்.

"அந்தப் பையனை ஃபார்வர்டா போடணும்னு போன வெள்ளிக்கிழமை நீங்கதானே எழுதினீங்க?"

"எழுதினேன். ஃபார்வர்டா போடணும்னு எழுதினேன். இந்த மாதிரி ஃபார்வர்டா போடணும்னா எழுதினேன்?"

மனைவி அடுத்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். கல்யாணமான நாளிலிருந்தே இப்படிப்பட்ட கேள்விகளுக்குக் கண்ணாடியைத் துடைப்பதுதான் அவள் கண்டுபிடித்த வழி.

செவ்வாய்க்கிழமை எதிர்க்கடை மருந்துக்காரர் ஒரு யோசனை சொன்னார். அவரும் அதே கழகத்தின் ரசிகர்தான். தலைவலி மாத்திரை விற்பவர் என்பதால் தோல்விகளை அவர் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு சார்? பலகையில ரெண்டு வார்த்தை புகழ்ந்து எழுதிடுங்க. அவங்களும் குளிர்ந்துடுவாங்க, உங்க தலையும் குனிய வேண்டாம்."

"புகழறதா? எதைச் சொல்லிப் புகழறது?"

"தேடுங்க. தேடினா கிடைக்கும்."

கண்ணாடிக்காரர் ஒரு மணி நேரம் தேடினார். அவர் குடும்பத்தில் யாரும் யாரையும் நேருக்கு நேர் புகழ்ந்தது கிடையாது. அது பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்பது அப்பாவின் கொள்கை. இருந்தாலும் நாற்காலியை நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மனதார எழுதினார்.

'பத்துத் தோல்விக்கும் கலங்காத பயிற்சியாளரின் நெஞ்சுரம் வாழ்க.

யாருக்கும் இல்லை என்று சொல்லாத கோல்கீப்பரின் பெருந்தன்மை வாழ்க.

பத்தாம் நம்பரின் சுத்தம் வாழ்க.

கேப்டனின் பேச்சு வன்மை வாழ்க.'

மதியத்துக்குள் கடை வாசலில் வழி இல்லை. திட்டி எழுதியபோது தலையாட்டிவிட்டுப் போனவர்கள் எல்லாம், புகழ்ந்து எழுதியதும் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆளுக்கு ஆள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

"என்ன ஒரு குத்தல் சார்! ஞாயித்துக்கிழமை எழுதினதெல்லாம் இதுக்கு உறை போடக் காணாது!" என்றார் ஒரு பஸ் கண்டக்டர்.

"குத்தல் இல்லைய்யா. நிஜமாவே புகழ்ந்திருக்கேன்."

"அதையும் சிரிக்காம சொல்றீங்க பாருங்க. அங்கதான் சார் நீங்க நிக்கறீங்க!"

மறுநாள் காலை கோல்கீப்பரின் தாயார் வந்தாள். போன மாதம் வாங்கிய கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"எம் பிள்ளை இல்லைன்னு சொல்ல மாட்டானா? வளர்த்தவ நான் சொல்றேன், கேட்டுக்குங்க. ஒண்ணு கேட்டா உடனே எடுத்துக் குடுக்கற பழக்கம் சின்ன வயசுலகூட அவனுக்குக் கிடையாது!" என்று சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பினாள். கண்ணாடி இல்லாததால் வாசற்கதவில் முட்டிக்கொண்டாள். அந்தப் பழியும் கண்ணாடிக்காரர் மேலேயே விழுந்தது.

அவள் போன கால்மணி நேரத்தில் செயலாளரின் இரண்டாவது கடிதம் வந்தது. திட்டியதைக்கூடப் பொறுக்கலாம், கேலியைப் பொறுப்பதற்கில்லை. நாற்காலிகள் இந்தச் சனிக்கிழமையிலிருந்தே நிறுத்தி வைக்கப்படுகின்றன. பலகையைக் கழற்றி, மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் மறுபடி யோசிக்கலாம்.

"கழட்டிடுங்களேன். ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலை," என்றாள் மனைவி.

"எங்கப்பா அடிச்ச ஆணி அது."

"அப்ப எழுதாமலாவது இருங்க. திட்டினாலும் தப்பு, புகழ்ந்தாலும் தப்புன்னா வாயை மூடிக்கிட்டு இருக்கறதுல என்ன தப்பு வந்துடப் போகுது?"

இதில் நியாயம் இருப்பதாக அவருக்கே பட்டது. வியாழக்கிழமை மாலை பலகையை ஈரத்துணியால் துடைத்தார். வெள்ளிக்கிழமை காலையில் சாக்பீஸைக் கையில் எடுத்தார், டிராயரில் வைத்துப் பூட்டினார். அந்தப் பதினொரு பெயர்களும் அன்றைக்கு முழுவதும் அவர் தொண்டையிலேயே நின்றன. சாப்பாடுகூட இறங்கவில்லை.

காலிப் பலகையைப் பார்த்து முதலில் நின்றவர் பஸ் கண்டக்டர்தான். பிறகு இரண்டு பேர் நின்றார்கள். பிறகு இருபது பேர். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார்.

மருந்துக்காரர் சாலையைக் கடந்து ஓடிவந்தார். "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? ஊரே கலங்கிப் போயிருக்கு. இனிமே இந்த டீமைப் பத்திச் சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லைன்னு சொல்லாம சொல்லிட்டீங்களே!"

"நான் ஒண்ணுமே சொல்லலையே!"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

சனிக்கிழமை மைதானத்துக்குப் போனபோதுதான் அந்த மௌனம் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது தெரிந்தது. ரசிகர்கள் ஆளுக்கொரு வெற்று அட்டையைக் கையில் ஏந்தி வந்திருந்தார்கள். ஒரு எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை. அந்த வெள்ளை அட்டைகளைப் பார்த்து, முதல் வரிசையில் நின்ற செயலாளரின் முகமும் அட்டை மாதிரியே வெளுத்தது. நாற்காலிகள் இரண்டையும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அப்பாவின் பெயரின் குறுக்கே ஒரு முடிச்சு.

வாசற்காவலாளி அவர் முகத்தைப் பார்க்காமல், "நீங்க கோல் கம்பத்துக்குப் பின்னால போய் நின்னுக்குங்க சார்," என்றான்.

அந்தக் குடும்பத்தில் ஒருவர் நின்றுகொண்டு ஆட்டம் பார்ப்பது அதுவே முதல் முறை. சரியாகச் சொன்னால், அவர் ஆட்டம் பார்க்கவும் இல்லை. அவருக்கு முன்னால் நின்றவர் ஆறடி உயரம், கையில் மூன்றடி அட்டை. "தலைவரே, உங்களுக்காகத்தான்!" என்று திரும்பித் திரும்பிச் சொல்லி, அட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிட்டவர் தொண்ணூறு நிமிஷம் வெறும் வெள்ளை அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூச்சல் மட்டும் காதில் விழுந்தது. முதல் கூச்சலில், "வழக்கம் போல வாங்கிட்டானா?" என்று கேட்டார்.

"இல்ல தலைவரே, நம்ம ஆளு போட்டாரு!"

அதுபோல மூன்று முறை மறுபடியும் கூச்சல். நாலு கோல். பத்தாம் நம்பர் ஒன்றைத் தலையால் முட்டி அடித்தாராம். கோல்கீப்பர் ஒரு பெனால்டியைப் பாய்ந்து பிடித்தாராம். பேக் தன் இடத்தில் நின்று ஒருவரையும் உள்ளே விடவில்லையாம். எல்லாமே 'ஆம்'தான். கண்ணாடிக்காரர் எதையும் காணவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கேட்டாள், "ஜெயிச்சுட்டாங்களாமே. அப்புறம் ஏன் எழவு வீட்டிலேர்ந்து வர்ற மாதிரி வர்றீங்க?"

"பத்து வாரம் நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். அப்ப ஜெயிக்கத் தெரியலை அவனுங்களுக்கு. என்னை நிக்க வச்சுட்டுத்தான் ஜெயிக்கணுமா?"

ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்ததில் அவருக்கு ஒரு தெளிவு பிறந்தது. இவ்வளவு நாளும் இந்தப் பயிற்சியாளர் ஆள் தேர்ந்தெடுத்த லட்சணம்தான் தோல்விக்குக் காரணம். தான் வாய் திறக்காமல் இருந்த அந்த ஒரு நாளில் அந்த ஆளுக்கு வெட்கம் வந்து, கொஞ்சம் புத்தியும் வந்திருக்கிறது. ஆக, ஜெயித்தது தன்னுடைய மௌனம். பிறகு யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

திங்கட்கிழமை காலை, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்திக் கழக அலுவலகத்துக்குள் நுழைந்தார். வலித் தைலத்தின் வாசனை அடித்தது. அலமாரியில் நசுங்கிய கோப்பைகள் இருந்தன. மூலையில் கழகத்தின் துணி துவைக்கும் அம்மாள் பெஞ்சின்மேல் ஜெர்சிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் செயலாளர். பயிற்சியாளர் நாற்காலியின் நுனியில், தேர்வு எழுத வந்த பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தார்.

செயலாளர் தட்டச்சு செய்த தாளை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க சார். பலகையையும் கழட்டிடுங்க. நாற்காலியிலேர்ந்து இன்னைக்கே கயிறை அவிழ்த்துடறேன்."

"ஐயா பெரியவர். எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம்," என்றார் பயிற்சியாளர் மெல்லிய குரலில். "ஐயா மேல எனக்கு எப்பவுமே மரியாதைதான். எழுதறதை அவர் நிறுத்தக் கூடாது."

"நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்று செயலாளர் அவர்மேல் எரிந்து விழுந்தார்.

கண்ணாடிக்காரர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். தாளைப் பார்த்தார். அப்பாவின் பெயர்மேல் விழுந்திருந்த முடிச்சு கண்ணுக்குள் வந்தது. பேனாவை மேசைமேல் வைத்தார்.

"போட மாட்டேன். தலை போனாலும் போட மாட்டேன். தப்பு செஞ்சவன் மன்னிப்புக் கேட்கணும், அதுதான் முறை. பத்து ஆட்டம் தோத்து இந்த ஊர் மானத்தை வாங்கினது யாரு? நானா? எங்க குடும்பத்துல யாரும் அடுத்தவன் செஞ்ச தப்புக்குக் கையெழுத்துப் போட்டது கிடையாது, தான் செஞ்ச தப்புக்குப் போடாம இருந்ததும் கிடையாது. அந்தப் பத்து ஆட்டத்துக்கும் டீம் போட்டது யாரோ, அவன் இந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடட்டும். எங்கப்பா பேர்ல சத்தியமா சொல்றேன், அப்புறம் நான் வாயே திறக்கலை!"

பயிற்சியாளர் தன் காலணிகளைப் பார்த்தார். செயலாளர் கூரையைப் பார்த்தார். கடைசி ஜெர்சியை மடித்து முடித்த சலவைக்கார அம்மாள் பேனாவை எடுத்துக் கண்ணாடிக்காரரிடம் நீட்டினாள்.

"அப்ப நீங்களே போட்டுடுங்கய்யா. வெள்ளிக்கிழமையானா உங்க பலகையைப் பார்த்து எழுதிட்டு வந்துதான் இவரு டீமே போடுவாரு. இந்த வாரம் அதுல ஒண்ணும் இல்லாததால, பாவம், அவரா யோசிச்சுப் போட்டாரு."