இருபது குல்லா

"அப்பா, நான் வெளியூர் வேலைக்குப் போகணும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

இதை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மகள் கேட்டேவிட்டாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். வாயை மூடிக்கொண்டிருக்க எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் அந்த வேலை வேறு ஒருவருக்குப் போய்விடும். இன்று புதன்.

லாரி ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா, பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரி போனவர், அங்கே ஒரு நர்ஸிடம் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். குறைமாதக் குழந்தைகளுக்குக் குல்லா.

"இருபது குல்லா தர்றேன்னு நர்ஸம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். முடியட்டும், பேசுவோம்."

"எத்தனை முடிஞ்சிருக்கு?"

"ஒண்ணே முக்கால்."

அவளும் ஊசியை எடுத்தாள். கோபத்தில் பின்னினால் நூல் இறுகும் என்று அவளுக்குத் தெரியாது. முதல் குல்லா ஓர் எலுமிச்சம்பழத்துக்குச் சரியாக இருந்தது.

"பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பின்னாத தாயே!" அப்பா அதைப் பிரித்துப்போட்டார்.

பல்லைக் கடிக்காமல் பின்னினாள். சோற்றுப் பானைக்கு மாட்டலாம் போல வந்தது. அதையும் பிரித்தார்.

"விளிம்பை நான் போடறேன், நடுவுல நீ போடு, உச்சியை உங்கப்பா மூடட்டும்" என்று அம்மா உள்ளே புகுந்தாள். மூன்று கை பட்ட குல்லா, கோபித்துக்கொண்டு போகிற சம்பந்தி மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

"பச்சப்புள்ளைக்குத் தலை இப்படிக் கோணலாவா இருக்கும்?"

"உங்க பொண்ணுக்கு இருந்துச்சே" என்றாள் அம்மா.

அப்பா சிரித்துக்கொண்டே பிரித்தார். பின்னுகிறபோது மாட்டுவண்டியாக நகர்கிற கை, பிரிக்கிறபோது மட்டும் லாரி வேகத்தில் போனது.

ஞாயிறு மதியம் எண்ணிப் பார்த்தால், ஒண்ணே முக்கால் குல்லா ஒண்ணரை ஆகியிருந்தது.

"எனக்கு ஒரு பதில் சொல்ல இருபது தலையை மூடியாகணுமாப்பா?"

"சின்னதுங்க. குளிருமேம்மா."

"எனக்கு எரியுது!"

பையில் துணியைத் திணித்தாள். அம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தாள்.

"நான் கிளம்பறேன்பா."

"பின்னல்ல ரெண்டு கண்ணி நழுவிப்போச்சு" என்றார் அவர், குனிந்த தலை நிமிராமல்.

அவள் படியிறங்கிவிட்டாள். தெருமுனையில் அந்த நர்ஸம்மா டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"மீதிக் குல்லாவுக்கு எங்கப்பாவையே கேட்டுக்குங்க. இருபதும் முடியற வரைக்கும் எனக்குப் பொறுமை இல்ல" என்றாள் மகள், நடையை நிறுத்தாமல்.

"இருபதா? நான் கேட்டது ரெண்டுதான் கண்ணு, அதைப் போன மாசமே குடுத்துட்டாரே! இப்ப எத்தனை தடவை பிரிச்சாலும் நையாத நூலா ஒண்ணு வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரே, அது எதுக்கு?"