ஒரு மிடறு குறைந்த போத்தல்கள்

வன்னியில் உள்ள கிணறுகள் எல்லாம் ஒன்றுகூடித் தங்களுக்கு ஒரு தலைவியைத் தெரிவு செய்திருந்தால், போட்டியே இல்லாமல் வென்றிருப்பவள் எங்கள் விடுதியில் இருந்த போத்தல்தான். ஞானஸ்நானத்தின்போது வைத்த நல்ல பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. அது விரிவுரை மண்டபத்தில் வரவு எடுக்கும்போது மட்டும் பாவனைக்கு வரும். மற்றபடி வவுனியாவில் அவளைத் தெரிந்த எல்லோருக்கும் அவள் போத்தல்.

சாதாரணப் பெண்கள் கட்டிலுக்குக் கீழே சூட்கேஸ் வைப்பார்கள். இவள் தண்ணீர் வைத்திருந்தாள். சோடாப் போத்தல், மருந்துப் போத்தல், ஜாம் போத்தல் என்று வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஊரின் பெயர் ஒட்டியிருக்கும். நான் உருத்திரபுரத்து வயல்காரரின் மகள், கணக்கியல் படிக்க வந்தவள். அவள் முல்லைத்தீவுக் கரையில் கடலையும் களப்பையும் நம்பி வாழ்கிற வீட்டுப் பிள்ளை. எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டார்கள். வந்த முதல் கிழமையே, தாகம் தாங்காமல் ‘புளியங்குளம்’ என்று ஒட்டியிருந்த போத்தலை எடுத்துக் குடித்துவிட்டேன். அவள் ஏசவில்லை. பக்கத்தில் வந்து இருந்து, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள்.

“சரி, குடிச்சிட்டாய். என்ன ருசி?”

“தண்ணி ருசிதான்.”

“உருத்திரபுரத்து வாய்க்கால் தண்ணியைக் குடிச்சு வளந்த நாக்கு. அதிட்ட வேற என்னத்தை எதிர்பாக்கிறது” என்று எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அவளுடைய சினேகிதி.

அவள் படித்தது சுற்றாடல் கற்கை. அந்தக் காலத்தில் அது என்ன படிப்பு என்று அவளுடைய வீட்டுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது, சில வேளைகளில் வளாகத்துக்கே தெரியாது. விஞ்ஞானப் பிள்ளைகள் அவளைக் கலைப்பிரிவு என்றார்கள். கலைப்பிரிவுப் பிள்ளைகள் அவளை விஞ்ஞானம் என்றார்கள். காலையில் இரசாயனம், பத்து மணிக்குச் சட்டம், மத்தியானம் சமூகவியல், பின்னேரம் பொருளியல் என்று நாள் முழுக்க ஓடித் திரிவாள். எந்த விரிவுரையாளரைக் கேட்டாலும் அவள் மற்றவருடைய மாணவி. நான்கு வீட்டில் சாப்பாடு இருந்தும் பட்டினி கிடக்கிற விருந்தாளி மாதிரி அவள் பாடு.

ஆனால் படித்ததை வீணாக்கமாட்டாள். கிணற்றுக்குள் இலை விழுகிறது என்று விடுதி மேற்றன் முற்றத்து நாவல் மரத்தை வெட்டச் சொன்னா. போத்தல் குறுக்கே போய் நின்றாள். “மேற்றன், வெட்டுங்கோ. வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் முதல்ல ஒரு மதிப்பீடு செய்யோணும்.”

மதிப்பீடு தொடங்கியது. நிழலை அளந்தாள். மண்ணைக் கிண்டினாள். மரத்துக்குக் கீழே உடுப்புக் காயப்போடுகிறவர்கள், காதல் கடிதம் வாசிக்கிறவர்கள், சும்மா அழுகிறவர்கள் எல்லோரையும் பேட்டி கண்டாள். காகம் ஒன்றைத்தான் விட்டுவைத்தாள், அதுவும் அது பறந்துவிட்டபடியால். அறிக்கை முடிவதற்குள் நாவல் பழுத்துவிட்டது. மேற்றனின் வாய் ஊதா நிறமாகி, வெட்டுகிற கதையே நின்றுபோனது.

இறுதி வருடத்தில் ஆய்வுக்கட்டுரை ஒன்று எழுதவேண்டும். மற்றப் பிள்ளைகள் வவுனியாக் குளத்தை எடுத்தார்கள். நடந்துபோய்த் தண்ணீர் அள்ளலாம். போத்தல் எடுத்தது தன் வீட்டுக் கிணற்றை. களப்பின் உப்புத் தண்ணீர் புகுந்து பக்கத்துக் கிணறுகளில் சவர் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அது சண்டைக்காலம், கிணறு இருந்தது ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றிகளுக்கு அந்தப் பக்கம். அவள் போகலாம். போனால் திரும்பி வர எப்போது பயண அனுமதிப் பாஸ் கிடைக்கும் என்பது கடவுளுக்கே தெரியாது. பரீட்சையைத் தவறவிட்டால் படித்த வருடங்கள் எல்லாம் தண்ணீரில் போய்விடும். வந்த நாளிலிருந்து அவள் வீட்டுக்குப் போகவும் இல்லை.

“உனக்கு விசரோடி?” என்று கேட்டேன். “இஞ்ச இல்லாத தண்ணியோ?”

“கிணறு வரட்டும். நான் போகேலாது, அது வரலாம்தானே.”

அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. மற்றவர்கள் பட்டத்துக்காக ஆய்வு செய்தார்கள். இவள் ஆய்வைச் சாட்டாக வைத்து வீட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கிணறு லேசில் வரவில்லை. சென்றியில் போத்தலோடு வருகிறவர்களை நிறுத்தி, உள்ளே இருப்பது தண்ணீர்தான் என்று நிரூபிக்கக் குடித்துக் காட்டச் சொல்வார்கள். அவளுடைய சின்னம்மா, தாயின் தங்கச்சி, வைத்தியத்துக்கென்று பாஸ் கிடைத்து அடிக்கடி வவுனியா ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிற மனுசி. அவதான் முதல் போத்தலைக் கொண்டுவந்தா. ஒரு மிடறு குறைந்து வந்தது. இரசாயனம் படிப்பிக்கிற சேர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வாய் வச்ச போத்தல். இதில கிணறு எவ்வளவு, சின்னம்மா எவ்வளவு எண்டு நான் எப்பிடிப் பிரிக்கிறது? மூடி உடைக்காமக் கொண்டு வாரும். இல்லையெண்டால் வேற தலைப்பு எடும்.”

அடுத்தமுறை தாய் ஒரு உபாயம் செய்தா. ஒன்றைக் குடித்துக் காட்டினால் மற்றவை தப்பும் என்று பை நிறையச் சின்னப் போத்தல்கள் கொடுத்துவிட்டா. சென்றிக்காரர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றிலும் ஒவ்வொரு மிடறு. சின்னம்மா வயிறு ஊதி விடுதி வாசலில் வந்து இறங்கி, “பிள்ளை, முதல்ல கக்கூசைக் காட்டு. ஆராய்ச்சி பிறகு” என்றா.

கட்டுரை கொடுக்கவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. வேறு தலைப்பு எடுக்க இனி நேரமும் இல்லை. போத்தல் சாப்பிடுவதைக் குறைத்தாள், கதைப்பதையும் குறைத்தாள். என்னோடு சண்டை பிடிப்பதையும் குறைத்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசி முறையாகச் சின்னம்மா வந்தபோது கையில் ஒரே ஒரு போத்தல். கழுத்துவரை நிறைந்திருந்தது. மூடிக்கு மேலே மெழுகு. தாய் கோயிலில் எரிந்த மெழுகுதிரியை உருக்கி ஊற்றியிருந்தா.

“எப்பிடிச் சின்னம்மா விட்டவங்கள்?”

“சென்றியில நிண்ட பொடியன் எங்கட ஆக்கள் போல, வேதக்காரன். கழுத்தில செபமாலை கிடந்தது. மெழுகை மூக்குக்கிட்டப் பிடிச்சு மணந்து பாத்தான். என்ர சிலுவையைப் பாத்தான். தமிழ் தெரியாது, கோயில் தீர்த்தமோ எண்டு கையால கேட்டான். நான் ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. பொய் சொன்னால் பாவமெல்லோ. தலையை மட்டும் குனிஞ்சன். அவன் போத்தலைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டிட்டு, போங்கோ எண்டு கை காட்டிட்டான்.”

நாங்கள் சிரித்த சிரிப்பு மேற்றன் வந்து பார்க்கும் அளவுக்குப் போனது. சின்னம்மா ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு அறையில் நாங்கள் இருவர்தான். ஆய்வுகூடம் பூட்ட இன்னும் நேரம் இருந்தது. “வா, கொண்டுபோய்க் குடுப்பம்” என்றேன். அவள் போத்தலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மெழுகில் தாயின் பெருவிரல் அடையாளம் பதிந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, நான் எட்டிப் பிடிப்பதற்கு முன், மெழுகை உடைத்து ஒரு மிடறு குடித்தாள்.

கண்ணை மூடி வாயிலேயே வைத்திருந்தாள். விழுங்கியதும் அழுதாள். நான் போத்தலை வாங்கி மிச்சத்தை இறுக்கி மூடினேன்.

இரசாயன சேர் போத்தலைப் பார்த்தார்.

“இதையும் சென்றியில குடிச்சவையோ?”

“இல்லை சேர். நான்தான்.”

“ஏன்?”

“வீட்டுத் தண்ணி சேர்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. அவரும் ஊரைவிட்டு வந்து வவுனியாவில் வாடகைக்கு இருந்தவர்தான்.

“என்ன ருசி?” என்று கேட்டார்.

“நான் விட்டிட்டு வரேக்க இருந்த ருசி இல்லை சேர். சவர் ஏறீட்டுது. வாயில வச்ச உடன தெரிஞ்சது.”

“மிச்சத்தைத் தாரும், சோதிச்சுப் பாப்பம். சமூகவியல் மிஸ்ஸிட்டயும் போய்க் கேளும், நாக்குச் சொன்னதை எந்த அத்தியாயத்தில போடலாம் எண்டு.”

சோதனையும் நாக்கும் ஒன்றையே சொன்னன. கட்டுரை தேறியது. அவள் மட்டும் சந்தோஷப்படவில்லை. தான் ஏங்கிக்கொண்டிருந்த தண்ணீர் இனி அந்தக் கிணற்றிலேயே இல்லை என்பதை, நான்கு பாடங்களும் சேர்ந்து அவளுக்கு நிரூபித்துக் கொடுத்திருந்தன.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் பாஸ் எடுத்தாள். புறப்படுகிற காலையில் விடுதிக் கிணற்றடியில் நின்று ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். கொதிக்கவைத்தால் கேத்திலில் சுண்ணாம்புக் கல்லுப் படிகிற தண்ணீர். வந்த நாளிலிருந்து அவள் திட்டித் தீர்த்த தண்ணீர்.

“இதை எங்கயடி கொண்டுபோறாய்?”

“அம்மா குடிச்சுப் பாக்கட்டும், இவ்வளவு நாளும் நான் எதைக் குடிச்சனான் எண்டு.”

பஸ் போனபிறகு அறைக்கு வந்தேன். கட்டிலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. சரியான வெறுமையாக இருந்தது. அதன் பிறகு நான் அவளைக் காணவில்லை. போகிற வழியில் சென்றியில் அவளையும் மறித்துக் குடித்துக் காட்டச் சொல்லியிருப்பார்கள். கண்ணை மூடி, அந்த ஒரு மிடற்றை வாயில் வைத்துக்கொண்டு, அவள் எங்களை நினைத்திருப்பாள் என்றுதான் நான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.