சீட்டில்லாமல் சர்க்கரை இல்லை

எனக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அன்றைக்கு இரண்டு காதும் சிவந்து, சிவப்பு கழுத்து வரைக்கும் இறங்கிவிட்டது. காரணம், சமையலறை மேடையில் கிடந்த மூன்று சர்க்கரைப் பாக்கெட். அலமாரியைத் திறந்தால் உள்ளே இன்னும் இரண்டு!

நான் ஒரு பம்பு தொழிற்சாலையில் ஸ்டோர் பொறுப்பாளன். பதினெட்டு வருஷமாக என் கையெழுத்து இல்லாமல் அங்கிருந்து ஒரு நட்டு வெளியே போனதில்லை. முதலாளியே வந்து நின்றாலும் சீட்டு எழுதினால்தான் கொடுப்பேன். அப்படிப்பட்டவன் வீட்டில் ஐந்து பாக்கெட் சர்க்கரை கேட்பாரற்றுக் கிடக்கிறது. வயிறு எரியுமா, எரியாதா?

“எதுக்கு அஞ்சு பாக்கெட்?” என்று மனைவியிடம் கத்தினேன்.

“தள்ளுபடின்னு போட்டிருந்தாங்க.”

“தள்ளுபடின்னா விஷத்தைக்கூட வாங்குவியா?”

“அதுக்கு இன்னும் போடலைங்க. போட்டா சொல்றேன்.”

பேசிப் பயனில்லை. அந்த நிமிஷமே அறிவித்துவிட்டேன். இனி மளிகை வாங்குவது நான், பூட்டி வைப்பது நான், அளந்து கொடுப்பது நான். ஒரு மாசம். மிச்சமாகிற பணத்தில் எனக்கே எனக்கென்று ஒரு சாய்வு நாற்காலி. நாம் காலை நீட்டினால் அதுவும் கூடவே நீளுமே, அந்த ரகம். தினமும் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்து ஏங்கியது போதும்.

“மிச்சமாகலைன்னா?”

“ஆகலைன்னா சமையலறையில நீ வெச்சதுதான் சட்டம். நீ சொல்ற வேலையை வாயைத் திறக்காம செய்யறேன். போதுமா?”

“சரிங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் இத்தனை சீக்கிரம் ‘சரி’ சொன்னதே இல்லை. நான் அப்போதே பயந்திருக்க வேண்டும். நாற்காலி கண்ணை மறைத்துவிட்டது.

மொத்த வியாபாரக் கடைக்குப் போனேன். சில்லறையாக வாங்கினால்தானே விலை அதிகம்? அரிசி, பருப்பு, கோதுமை, ரவை எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாக வாங்கி, வீட்டிலிருந்த சர்க்கரை, உப்பு, மிளகு, எண்ணெயோடு சேர்த்துப் பின்னறை அலமாரியில் திணித்து, பூட்டு போட்டேன். சாவி என் இடுப்பில். மனைவி கையில் ஒரு சீட்டுப் புத்தகம். பொருள், அளவு, காரணம், தேதி என்று நாலு கட்டம்.

மறுநாள் காலை முதல் சீட்டு வந்தது. பொருள்: சர்க்கரை. அளவு: மூன்று கரண்டி. காரணம்: நீங்கள். தேதி போடவில்லை. சட்டம் சட்டம்தான் என்று திருப்பி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. ஒரு வாய் குடித்தேன். கஷாயம் தேவலை.

“சர்க்கரை எங்கே?”

“சீட்டைத் திருப்பிட்டீங்களே. நான் தேதி போட்டுக் கொண்டுவர்றதுக்குள்ள ஸ்டோர்காரர் குளிக்கப் போயிட்டாரு.”

“கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாமே!”

“வேலை நேரத்துல ஸ்டோர்காரரைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?”

கோபத்தில் தலையைக்கூடத் துவட்டாமல் வேலைக்குப் போனேன். பதினோரு மணிக்குத் தொலைபேசி.

“ஏங்க, உப்பு வேணும். சீட்டு தயாரா இருக்கு. தேதியும் போட்டாச்சு.”

ஒரு கரண்டி உப்புக்காக அனுமதி கேட்டு, வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் மிளகு. அதற்கு மறுநாள் எண்ணெய். நாலாவது நாள் மானேஜர் எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்திவைத்துக் கேட்டார்: “நீங்க எந்த ஸ்டோருக்கு வேலை பாக்கறீங்க? என் ஸ்டோருக்கா, உங்க வீட்டு ஸ்டோருக்கா?” பதினெட்டு வருஷத்தில் அப்படியொரு அவமானம் பட்டதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மிதித்த மிதியில் வாசல் மிதியடி கிழிந்தது.

இரண்டாவது வாரம் திடீரென்று சீட்டு நின்றுபோனது. உப்புக்கும் இல்லை, சர்க்கரைக்கும் இல்லை. ஆனால் வேளாவேளைக்குச் சாப்பாடு தட்டில் விழுந்தது. டீயில் சர்க்கரை இருந்தது. போதாததற்கு, பருப்பில் நெய் மணந்தது!

“எதை வெச்சுச் சமைச்சே?”

“நல்லாயிருக்கா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“நல்லாயில்லைன்னா சொல்லுங்க, தட்டை எடுத்துடறேன்.”

தட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். கோபம் வேறு, பசி வேறு. அவள் இல்லாத நேரத்தில் கட்டிலுக்கு அடியில், துணி மடிப்பில், பழைய பெட்டியில் எல்லாம் துழாவினேன். ஒரு பருப்புகூடச் சிக்கவில்லை. எரிச்சலாக இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் குஷிதான். அலமாரியில் கைவைக்கவே இல்லை என்றால் அத்தனையும் மிச்சம்தானே? எங்கள் தொழில் வழக்கப்படி கதவின் இடுக்கில் காகிதம் ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டேன். மாசக் கடைசிக் கணக்கெடுப்பு வரைக்கும் அதை நானும் தொடமாட்டேன். ஸ்டோர்காரன் மானம் அதில் இருக்கிறது.

அந்த நாளும் வந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். என் வெற்றியை நாலு பேர் பார்க்க வேண்டாமா? காகிதத்தைக் கிழித்தேன், பூட்டைத் திறந்தேன்.

அரிசி நடந்தது.

மூட்டையின் வாயிலிருந்து கருப்பாக ஒரு ஊர்வலம் இறங்கி, பருப்பு மூட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. கோதுமையிலிருந்து ஒன்று பறந்து வந்து என் மூக்கில் உட்கார்ந்தது.

“ஐயோ அண்ணே!” என்றாள் தையல்காரம்மா. “இப்படி மூட்டையா அடைச்சு, வாரக்கணக்கா காத்துப்படாம பூட்டி வெச்சா வண்டு வராம என்ன பண்ணும்?”

“அப்ப இத்தனை நாளா நாங்க எதைத்தான் தின்னோம்?” என்று அலறினேன்.

“எங்க வீட்டு மளிகைதான் அண்ணே! பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், எனக்கு நானூறு சீருடை தைக்கணும். அடுப்புப் பக்கம் எட்டிப்பாக்க முடியலை. சாமானை நான் வாங்கிப் போட்டேன், அக்கா எங்க அடுப்புல ரெண்டு வீட்டுக்கும் சேத்துச் சமைச்சாங்க. சும்மா இல்ல, நல்ல கூலி குடுத்துட்டேன்.”

கூலியாம்! இரண்டு காதும் வெடித்துவிடும் போலிருந்தது. மனைவி பக்கம் திரும்பினேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“காரணம் எழுதற கட்டம் சீட்டுலதானே இருக்கு? நான்தான் சீட்டே குடுக்கலையே.”

விடுவேனா நான்? “அப்ப நம்ம சாமான் செலவாகலை! மிச்சம் மிச்சம்தான். ஜெயிச்சது நான்!”

“மிச்சம்தாங்க. அள்ளிட்டுப் போய் நாற்காலிக் கடையில குடுங்க. வண்டை எண்ணி எடுத்துக்கறாங்களா, நிறுத்து எடுத்துக்கறாங்களான்னு கேட்டுட்டு வாங்க.”

தையல்காரம்மா சிரித்த சிரிப்பில் அவள் வாயிலிருந்த குண்டூசி கீழே விழுந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

மறுநாள் சாயங்காலம் இரண்டு ஆட்கள் அந்தச் சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதே ரகம், அதே நிறம். என் மனசு உருகிவிட்டது. கூலிப் பணத்தில் வாங்கியிருக்கிறாள், என்ன இருந்தாலும் மனைவி மனைவிதான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடத்தில் ஜன்னலோரமாக இடம் ஒதுக்கினேன். ஆட்கள் என்னைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போனார்கள்.

இப்போது நான் சமையலறைத் தரையில் சல்லடையோடு உட்கார்ந்திருக்கிறேன். வாயைத் திறக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். அவள் சாய்ந்து, காலை நீட்டுகிறாள். நாற்காலியும் கூடவே நீளுகிறது.

“நிதானமா சலிங்க, இன்னும் மூணு மூட்டை இருக்கு. எனக்கு இங்க ரொம்ப சௌகரியமா இருக்கு.”