எட்வர்ட் வாத்தியாரின் எழுபது வயது ரத்தம்

1953 ஜூனில், மைசூரின் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் நாற்காலிக்கும் எட்வர்டுக்கும் நடுவே ஒரே ஒரு மருத்துவச் சான்றிதழ்தான் நின்றது. அதில் கையெழுத்துப் போட டாக்டர் திருநாராயணன் மறுத்துவிட்டார்.

"உங்களுக்கு வயசு நாற்பத்தெட்டு. ரத்தத்தைப் பார்த்தா எழுபதுன்னு சொல்றது," என்றார் டாக்டர். "எலும்புக்குள்ளே மஜ்ஜை இருக்கு. அதிலே இருக்கற தாய் அணுக்கள்தான் தினம் புது ரத்தம் பண்றது. வயசானா அதுக்கு அசதி. கண்டதைத் தின்னு உடம்புக்குள்ளே அழற்சி வந்தா, இன்னும் அசதி."

"நான் என்ன செய்யணும், டாக்டர்?"

"வாயைக் கட்டுங்கோ. ஒரு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்."

எட்வர்ட் வெட்கத்தோடு தேவராஜ மொஹல்லாவைக் கடந்து வீட்டுக்கு நடந்தார். ரத்தம் எடுக்க வந்த ஊசியைக் கண்டதுமே மயங்கி விழுந்தவர் அவர். கண் விழித்தபோது, பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கும் கம்பவுண்டர் சித்தையன் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் பிளாசிப் போரை மேசையில் தட்டி நடத்துகிறவர் என்பதால், இதை மனைவி ஐவியிடம்கூட அவர் சொல்லவில்லை.

மறுநாள் முதல் வேகவைத்த கீரையும் மோரும்தான்.

"ஞாயித்துக்கிழமைகூடவா கறி வேணாம்?" என்றாள் ஐவி.

"என் தாய் அணுக்கள் கஷ்டப்படுது, ஐவி."

"சமைக்கிற தாய் கஷ்டப்படறது தெரியலையா?"

மாத முடிவில் மறுபடி ஊசி, மறுபடி மயக்கம். முடிவைப் படித்த டாக்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"எழுபத்தஞ்சு ஆயிடுத்து. அப்படி என்னதான் திங்கறேள்?"

எட்வர்ட் கீரையில் உப்பையும் விட்டார். விடிந்ததும் சாமுண்டி மலைப் படிகளை ஏறினார். முழங்கால் வீங்கியது, சட்டைக்குள் இன்னொரு எட்வர்ட் நுழையலாம் போலிருந்தது. மூன்றாம் பரிசோதனையில் ரத்தத்துக்கு எண்பது வயது.

"மஜ்ஜை வேலைநிறுத்தம் பண்றது. அந்தப் பதவியை மறந்துடுங்கோ," என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எட்வர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சித்தையன் மெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மனசு கேக்கல, மேஷ்ட்ரே. டாக்டர்கிட்டச் சொல்லிடாதீங்க. நீங்க விழுந்த வேகத்தைப் பாத்து, உங்களைக் குத்த எனக்குப் பயமாப் போச்சு. மூணு தடவையும் போனது என் ரத்தம். எனக்கு வர்ற தையோட எழுபது."

எட்வர்டுக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் முதலில் வந்தது. பிறகு சந்தேகம்.

"சரி, எழுபது புரியுது. அது மாசத்துக்கு மாசம் ஏன் ஏறிச்சு?"

சித்தையன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"நீங்க பத்தியம் ஆரம்பிச்ச நாள்லேருந்து, உங்க பங்குச் சாப்பாட்டை ஐவியம்மா எனக்குத்தானே குடுத்தனுப்பறாங்க."