நாலு சில்லில் நாற்பதாவது கலியாண நாள்

முன்னுக்குப் போகட்டும் என்று மூத்ததம்பி பெருவிரலால் விசையை அமத்தினார். நாலு சில்லுக் குவாட் பைக் பின்னுக்குப் போய் டயர் அடுக்கில் இடித்து நின்றது.

“ஊரிலை ஓடின ஆள் எண்டீங்கள்?” உர்ஸ் அந்த நாட்டுப் பாஷையான டொச்சில் கேட்டான். அந்த மண்பாதையை நடத்துகிறவன் அவன்தான்.

“ஊரிலை ஓடினது இதைவிடப் பெரிசு. அது சொன்னால் கேக்கும்,” என்றார் மூத்ததம்பி, லுசேர்ண் ஹோட்டல் குசினியில் பொறுக்கிய டொச்சில்.

பொய். ஊரில் அவர் மோட்டசைக்கிளில் ஏறியது ஒரே ஒரு முறை. அதுவும் பின்சீற்றில், கண்ணை மூடிக்கொண்டு. கோப்பை கழுவிய காலத்தில், பக்கத்தில் சட்டி தேய்த்த லக்ஷ்மணனிடம் சும்மா ஒரு பேச்சுக்கு, “நான் ஊரிலை பெரிய மோட்டசைக்கிள் ஓடினனான்” என்று விட்டார். லக்ஷ்மணன் நம்பவில்லை. நம்பாதவனை நம்பவைக்க வருஷத்துக்கு வருஷம் அந்த மோட்டசைக்கிளின் வேகத்தைக் கூட்டவேண்டி வந்தது. கடைசியில் அது பாலம் உடைந்த வாய்க்காலையும் பாய்ந்தது.

வாயால் ஓடும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. மகள் நிலோஜினிதான் கெடுத்தாள்.

“அப்பா, உங்கட நாற்பதாவது கலியாண நாளுக்கு ஹோல் எடுத்திட்டன். நீங்களும் அம்மாவும் குவாட்டிலை பறக்கிற வீடியோ. பெரிய திரையிலை போடுவம்!”

இப்போது மண்டபத்துக்குக் காலால் நடந்து வருகிறவனுக்கு மதிப்பில்லை. போன மாசம் ஒரு சாமத்திய வீட்டில், வயதுக்கு வந்த பிள்ளையை ஹெலிகொப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். பிள்ளை இறங்கி முதல் வேலையாகச் சத்தி எடுத்தது. அதையும் படம் பிடித்தார்கள்.

இந்த நாட்டில் காட்டுப் பாதையில் மோட்டர் வண்டி ஓட்டினால் பொலிஸுக்கு முதல் பக்கத்து வீட்டுக்காரன் வந்து நிற்பான். அதனால் நிலோஜினி தேடிப் பிடித்த இடம் யூரா மலைப் பக்கம் ஒரு பழைய கல்லுக்குழி. சனிக்கிழமைகளில் ஆரும் வந்து ஓடலாம். பெடியள் மொட்டோகுரோஸ் பைக்கில் மேட்டிலிருந்து மேட்டுக்குப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். மூத்ததம்பி டயர் அடுக்கிலிருந்து குவாட்டை விடுவித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் முறை வண்டி முன்னுக்குத்தான் போனது. நிற்பாட்டத்தான் தெரியவில்லை. பாண் தின்றுகொண்டிருந்த மூன்று பெடியளுக்குச் சேற்றால் அபிஷேகம் செய்து, மண்குவியலில் ஏறி, தானாகவே மூச்சை விட்டது. நல்லவேளை, படத்துக்குக் கொண்டுவந்த பட்டு வேட்டி இன்னும் பைக்குள் இருந்தது.

“அங்கிள், என்ன சத்தம்?” மேட்டு உச்சியிலிருந்து கஜீவன் கத்தினான். வீடியோக்காரன். ட்ரோனை வைத்து நோண்டிக்கொண்டிருந்ததால் ஒன்றையும் காணவில்லை. அவன் லக்ஷ்மணனின் மருமகன். இங்கே மூத்ததம்பி விழுந்தால் அந்தச் சத்தம் பத்து நிமிஷத்தில் லக்ஷ்மணனின் போனில் கேட்கும்.

மூத்ததம்பி மனிதரை நம்புகிறவர் இல்லை. ஒல்டனில் ரயில் நேரத்துக்கு வந்தாலே, “என்னத்தையோ மறைக்கிறாங்கள்” என்பார். அன்றைக்கு அவர் அறவே நம்பாத ஆள் மூத்ததம்பிதான்.

“தம்பி, முதுகு பிடிச்சிட்டுது!” என்று இடுப்பில் கையை வைத்தார்.

“பரவாயில்லை அங்கிள். அன்ரி ஓடட்டும், நீங்கள் பின்னாலை இருங்கோ. மாமா விழுந்து விழுந்து சிரிப்பார்!”

முதுகு அந்த நிமிஷமே சுகமாகிவிட்டது.

மனைவி யோகாம்பாள் உடுப்பு மாற்றும் கொண்டெய்னருக்குள் இருந்தாள். உர்ஸின் மனைவி ரெகுலா அவளுக்கு ஜக்கெற், கையுறை, சப்பாத்து எல்லாம் போட்டுவிடக் கூட்டிப்போயிருந்தாள். ரெகுலா யோகாம்பாளின் உயரம்தான். குரல் மட்டும் இரண்டு ஆள் உயரம். காலையிலிருந்து உர்ஸுக்கும் அவளுக்கும் ஹெல்மெட் அடுக்குவதற்கே சண்டை. நடுவில் ஒருமுறை வெளியே வந்து உர்ஸின் காதுக்குள் என்னவோ சொல்லிவிட்டுப் போனாள். டயர் அடுக்கைப் பற்றித்தான் என்று மூத்ததம்பி நினைத்தார்.

அவள் போனதும் உர்ஸின் கையைப் பிடித்தார்.

“உர்ஸ், நீ நான். நான் நீ. வேட்டி, ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. ஆருக்குத் தெரியும்?”

“உங்கட மனிசிக்கு?”

“அவள் என்ரை முகத்தை நிமிர்ந்து பார்த்தே கனகாலம். ஹெல்மெட்டைப் பார்த்தோ கண்டுபிடிக்கப் போறாள்?”

உர்ஸ் சிரித்தான். அந்தப் பகிடிக்கு அவ்வளவு சிரிப்புத் தேவையில்லை. கூலியாக அவன் கேட்டது மண்டபத்தில் மட்டன் ரோல். ஒல்டன் சந்தையில் ஒருமுறை சாப்பிட்டானாம்.

வேட்டி உர்ஸுக்கு முழங்காலோடு நின்றது. சப்பாத்து உயரமானபடியால் சமாளித்தது. மூத்ததம்பி ஒளிக்க இடம் தேடினார். அந்தக் குழியில் கதவுள்ள இன்னொரு கட்டிடம் பிளாஸ்டிக் கக்கூசு ஒன்றுதான். உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, காற்றுப் போகும் ஓட்டையில் கண்ணை வைத்தார். கலியாண நாளில் அவருக்குக் கிடைத்த மணவறை அது.

கொண்டெய்னர் கதவு திறந்தது. சிவப்புக் கூறைச் சீலை, மேலே ஜக்கெற், தலையில் ஹெல்மெட். வந்து உர்ஸின் பின்னால் ஏறியது.

“அன்ரி, அங்கிளை நல்லா இறுக்கிப் பிடியுங்கோ!” மேட்டிலிருந்து கஜீவன் கையால் காட்டினான்.

இரண்டு கைகளும் உர்ஸின் இடுப்பைச் சுற்றிப் பூட்டின. ஹெல்மெட் முதுகில் சாய்ந்தது. குவாட் சீறிக்கொண்டு மேட்டில் ஏறி, ஒரு முழம் காற்றில் நின்று, கீழே குதித்தது.

மூத்ததம்பிக்கு முதலில் நெஞ்சு நிறைந்தது. ஊஞ்சலுக்கே பயந்தவள்! என்னிலை இவ்வளவு ஆசையை எங்கை ஒளிச்சு வைச்சவள்?

இரண்டாவது சுற்றில் இன்னொன்று உறைத்தது. அது அவருடைய இடுப்பில்லை.

மூன்றாவது சுற்றில், அவள் ஆளைத் தெரிந்துதான் பிடிக்கிறாளோ என்று யோசித்தார். அதோடு கக்கூசு மணமும் தெரியவில்லை.

குவாட் கொண்டெய்னருக்குப் பின்பக்கம் போய் நின்றது. உர்ஸ் வேட்டியைத் திருப்பித் தந்தான். கொஞ்ச நேரத்தில் யோகாம்பாள் வீட்டுச் சீலையோடு வெளியே வந்தாள். முகம் பழப்புளி.

“எப்பிடி இருந்தது?” என்றார் மூத்ததம்பி, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

“எனக்கென்ன. உங்களுக்கு நல்லா இருந்திருக்கும்.”

ரயிலில் அவள் பக்கத்தில் இருக்கவில்லை. எதிரே இருந்து ஜன்னலைப் பார்த்தாள். கேட்கவேண்டியது அவர் வாய்வரை வந்தது. கேட்டால் கக்கூசுக் கதையையும் சொல்லவேண்டி வரும். இத்தனை வருஷம் ஓடிய மோட்டசைக்கிள் அங்கேயே நின்றுவிடும். அவரும் ஜன்னலைப் பார்த்தார்.

கொண்டாட்ட நாளும் வந்தது. காலையில் திரிம்பாக் கோயிலில் பூசை. யோகாம்பாள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். மூத்ததம்பி ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டு கும்பிட்டார்.

மத்தியானம் மண்டபத்தில் திரை ஓடியது. ட்ரோன் மேலிருந்து பிடித்த படத்தில் குவாட் பறந்தது, வேட்டி பறந்தது, சீலைத் தலைப்பும் பறந்தது. பெடியள் விசில் அடித்தார்கள். ஒரு அன்ரி கண்ணைத் துடைத்தா.

லக்ஷ்மணன் எழும்பி வந்து கையைப் பிடித்தான். “மச்சான், இத்தனை வருஷமா நீ புளுகிறாய் எண்டுதான் நினைச்சனான். மன்னிச்சுக்கொள்ளடாப்பா. உன்ரை மனிசியும் என்ன பிடி பிடிக்கிறா! என்ரை மனிசி பஸ்ஸிலை கூட என்ரை பக்கத்திலை இருக்கமாட்டாள்.”

இந்தச் சொல்லைக் கேட்கத்தான் மூத்ததம்பி இவ்வளவு காலம் காத்திருந்தார். இப்போது அவர் கண் முன்வரிசைக்குப் போனது. உர்ஸ் ரோல்ஸ் தட்டோடு அங்கே இருந்தான். பக்கத்தில் ரெகுலா. அவர்களுக்கு நடுவில் இருந்த கதிரையில் இரண்டு பேருடைய கோட்டும் கிடந்தது.

நிலோஜினி மைக்கைப் பிடித்தாள். “அப்பா, அம்மா, இப்ப வீடியோவிலை மாதிரியே கட்டிப்பிடிச்சு ஒரு படம்!”

மேடையில் இருவரும் நின்றார்கள். நடுவில் ஒரு சூட்கேஸ் வைக்கலாம்.

“கிட்ட வாங்கோ அன்ரி!” என்றான் கஜீவன்.

யோகாம்பாள் அசையவில்லை.

மூத்ததம்பிக்குப் பொறுக்கவில்லை. சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பல்லுக்குள்ளால் கேட்டார். “அண்டைக்கு மட்டும் எப்பிடி ஒட்டினனீ?”

அவளும் படத்துக்குச் சிரித்துக்கொண்டே, “வெக்கமில்லாமல் கேக்கிறியள். உங்களுக்கு ஆரெண்டாலும் ஒண்டுதானே?” என்றாள்.

“நானோ வெக்கமில்லாதவன்? ஆரை நான்...”

“அப்பா, பிறகு கதையுங்கோ!” நிலோஜினி குறுக்கே வந்தாள். சபையில் என்னவோ பிழைக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. கதையை மாற்றுகிறேன் என்று முன்வரிசைக்கு ஓடினாள். “அப்பாவுக்குப் பாதை தந்த உர்ஸ் இப்ப ரெண்டு வார்த்தை கதைப்பார்!”

மூத்ததம்பி உர்ஸைப் பார்த்து, வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பக்கத்தில் யோகாம்பாளும் ரெகுலாவைப் பார்த்து அதே மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். அவருக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

உர்ஸ் வாயிலிருந்த ரோலை விழுங்கி, மைக்கை வாங்கி, இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் விளங்கும் டொச்சில் சொன்னான்:

“உங்கள் ரெண்டு பேருக்கும் பதிலா நாங்கள் ரெண்டு பேரும் ஓடின அந்த வீடியோவை எங்களுக்கும் ஒருக்கா அனுப்பிவிடுங்கோ, ரெகுலா என்னைக் கட்டிப்பிடிச்சதுக்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.”