ஆல்டன்ஷாவின் உயிர்

இந்தத் தைப்பொங்கலுக்குள் என் மோட்டார் காரை ஓட்டிக் காட்டுவேன். இல்லாவிட்டால் அதைக் கோழிக்கூடாக்க என் மனைவிக்கு முழு உரிமை உண்டு. இப்படி ஒரு சபதம் செய்தேன். அதுவும் சாட்சி வைத்துக்கொண்டு. புத்தியுள்ள கணவன் சபதம் செய்யமாட்டான். செய்தாலும் மனைவி காதில் விழும்படி செய்யமாட்டான்.

நான் அரியரத்தினம். கெடாவில் சிடாம் கிரிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பெரிய கிராணி; ஆபீஸ் கணக்கெல்லாம் என் கையில். ரப்பர் விலை விழுந்த வருஷம் எங்கள் துரை சீமைக்குக் கப்பலேறினார். போகிறபோது கொட்டகையில் கிடந்த ஆல்டன்ஷா காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கட்டினார் என்பது ஊரின் பேச்சு. கொடுத்தார் என்பது என் பேச்சு.

கதவெல்லாம் துரு. கூரையில் ஓட்டை. மட்கார்டைத் தொட்டால் கையோடு வரும். அதைச் செய்த கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள். கெடா முழுக்கத் தேடினாலும் இன்னொரு ஆல்டன்ஷா கிடையாது. அதுதான் எனக்குப் பிடித்தது. பெற்றவரும் இல்லை, கூடப் பிறந்தவரும் இல்லை. நானும் கைவிட்டால் அதற்கு யார்? துருவைத் தேய்க்கத் தேய்க்க உள்ளேயிருந்து பச்சை வர்ணம் எட்டிப் பார்க்கும். அப்போது என் நெஞ்சு குளிர்ந்துபோகும்.

என் மனைவி செல்வநாயகிக்குக் குளிரவில்லை.

"இஞ்சாருங்கோ, இது ஓடுமோ?"

"ஓடும்."

"எப்ப?"

"பொறுத்துப் பாரும்."

"நான் பொறுப்பன். உந்தக் கதவு பொறுக்குமோ?"

ஆனாலும் முறையை விடவில்லை. நாலு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். கார் புறப்பட்டு அதை நசுக்க வேண்டும். கார் புறப்படவில்லை. வெள்ளிக்கு வெள்ளி பழங்களை எடுத்து ஊறுகாய் போட்டுவிட்டுப் புதுப்பழம் வைத்தாள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஊறுகாய்க்குப் பஞ்சமில்லை.

பொழுதுபட்டால் நான் காருக்கு அடியில். அவள் லாம்பு பிடிப்பாள். ஸ்பானர் எடுத்துத் தருவாள். அடைகிடக்கும் கோழியைப் பற்றி, பெண்டாங்கில் இருக்கும் தங்கையைப் பற்றி, ஓயாமல் கதைப்பாள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் நான் சுங்கைப்பட்டாணி கிளப்பில் முன்னூற்றிநாலு ஆடிக்கொண்டிருப்பேன். அது நாலு பேர் ஆடும் சீட்டாட்டம். கார் வந்தபிறகு சீட்டு மறந்துபோனது.

ஒரு நாள் காரைப் பற்றி அவளுக்குப் பாடம் நடத்தினேன்.

"இதுக்குப் பேர் ரோட்டர். கட்டைவிரல் அளவுதான். ஆனால் இதுதான் காரின்ரை உயிர். இதைக் கழட்டினால் எந்தக் கொம்பனாலையும் காரை ஓட்டேலாது."

"அப்பிடியோ? எங்கை, கழட்டிக் காட்டுங்கோ பாப்பம்."

காட்டினேன். அவளையும் ஒருமுறை கழற்றிப் பூட்டச் சொன்னேன். பெண்களின் அறிவு வளரவேண்டும் என்பது என் கொள்கை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு நடராஜா வந்தான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர். சீட்டாட்டத்தில் என் கூட்டாளி.

"அண்ணை, மூண்டு பேரை வைச்சு முன்னூற்றிநாலு விளையாடேலாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வாங்கோவன்."

"சைக்கிளோ! பொங்கல் முடியட்டும். காரிலை வந்து இறங்குவன். பிறகு ஒவ்வொரு நாளும் வருவன்!"

"ஓடாட்டி?"

"ஓடாட்டி இவ இதுக்குள்ளை கோழி அடைக்கட்டும்!"

லாம்பு கொஞ்சம் கீழே இறங்கியது. கை நோகிறதாக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் ரோட்டரைக் காணவில்லை. தேடினேன். அவளும் என்னோடு குனிந்து தேடினாள். "எலி கொண்டு போயிருக்கும்" என்றாள். எலிப்பொறி வைத்தேன். அதற்குக் கருவாடு தந்தவளும் அவள்தான். எலி அகப்பட்டது. ரோட்டர் அகப்படவில்லை.

நான் விடுவேனா? பினாங்குப் பட்டறை ஒன்றுக்கு ரகசியமாகச் சொல்லியனுப்பி, அதே அளவில் ஒன்று கடைந்து எடுப்பித்தேன். செல்வநாயகியிடம் மூச்சுக்கூட விடவில்லை. பொங்கலன்று காலை அதைப் பூட்டி, கைப்பிடியைச் சுழற்றினேன். ஆல்டன்ஷா உறுமியது! கோழிகள் கூரையேறின. எலுமிச்சம்பழம் நாலும் சட்டினி! செல்வநாயகியை ஏற்றிக்கொண்டு ஆபீஸைச் சுற்றி வந்தேன். கழன்று விழாமல் கதவைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தாள். அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னது வேறு.

"பாத்தீரோ? நாளையிலையிருந்து கிளப்புக்குப் போக அரை மணித்தியாலந்தான்!"

"ஓம்," என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் மாலை கோட்டு மாட்டிக்கொண்டு வந்தேன். நடராஜா எனக்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தான். சுழற்றினேன். சுழற்றிக்கொண்டே இருந்தேன். மூடியைத் திறந்து பார்த்தால் ரோட்டர் இருந்த இடம் காலி.

திரும்பினேன். இன்னும் இருட்டவே இல்லை. அவள் லாம்பைக் கொளுத்திக்கொண்டு நின்றாள். இடுப்பில் செருகிய முந்தானையில் ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் இரண்டு புடைப்பு.

கோபம் வரவேண்டும். வரவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து கார் வரும்வரை இந்த நேரத்தில் இவள் யாரோடு கதைத்திருப்பாள்? அந்த அடைகோழியோடுதான். மூடியைச் சாத்தினேன்.

"என்ன அண்ணை கோளாறு?" என்றான் நடராஜா.

"எலி," என்றேன். "நீ சைக்கிளிலை போ."

கோட்டைக் கழற்றிவிட்டுக் காருக்கு அடியில் புகுந்தேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

"ஸ்பானரைத் தாரும்."

தந்தாள். பிறகு குனிந்து மெல்லச் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, மூண்டாவதுக்குப் பினாங்குக்குச் சொல்லியனுப்பாதேங்கோ. முந்தானையிலை இடமில்லை."