கருவுக்குக் கால நீட்டிப்பு

தக்க ஆதாரம் இல்லாமல் எந்த உயிரும் உண்டாகக் கூடாது என்ற மகத்தான கொள்கையை உலகத்திலேயே முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது ஒரு சட்டை ஆலையின் மருந்தகம்தான். அதன் பொறுப்பாளரை எல்லோரும் 'முத்திரை சார்' என்பார்கள். தலைவலி மாத்திரை கேட்டால் தலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்துவார். இருபது வருடத்தில் ஒரு மாத்திரைகூடத் தவறான வாய்க்குள் போனதில்லை. சரியான வாய்க்குள் எத்தனை போயின என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை, சட்டைக்கை தைக்கும் பெண் ஒருத்தி டாக்டர் சீட்டோடு வந்து நின்றாள். ஃபோலிக் அமில மாத்திரை, கூடுதல் அளவு.

"எத்தனாவது மாசம்மா?"

"இன்னும் ஒண்ணுமில்ல சார். இனிமேதான்."

முத்திரை சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆளே வரல. அதுக்குள்ள மாத்திரையா?"

"எங்க அக்கா பிள்ளைக்கு முதுகுத்தண்டு சரியா மூடல சார். எட்டு வயசாகுது, இன்னும் தூக்கிட்டுத்தான் போறோம். எனக்கும் அப்படி ஆயிடக்கூடாதுன்னு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தாங்க. இவ்வளவு டோஸ் கடையில தரமாட்டேங்கறாங்க." கையிலிருந்த துண்டுத் துணியை மேசையில் விரித்தாள். "மூளையும் தண்டும் மொதல்ல இப்படித் தட்டையாத்தான் இருக்குமாம். ரெண்டு ஓரமும் எழும்பி, மடிஞ்சு, நடுவுல ஒட்டி, அங்கேருந்து மேலயும் கீழயும் மூடிட்டே போகுமாம். நம்ம சட்டைக்கை மாதிரி. கரு உண்டாகி இருபத்தெட்டு நாள்ல வேலை முடிஞ்சிருமாம். நான் உண்டாயிருக்கிறதே எனக்கு அப்பதான் தெரியும். அதனால மாத்திரை முன்னாடியே உடம்புல இருக்கணும்."

"இருபத்தெட்டு நாளா? யாரைக் கேட்டு? எங்க கமிட்டி கூடுறதுக்கே முப்பது நாள் ஆகும்மா."

கமிட்டி கூடியது. 'கருவின் நரம்புக்குழல் மூடுதல் குறித்த ஆலோசனைக் கூட்டம்.'

"கரு ஏன் இவ்வளவு அவசரப்படுது?" என்றார் மேலாளர்.

"புதுசு சார். அனுபவம் இல்ல," என்றார் தீயணைப்புப் பொறுப்பாளர்.

கரு தன் பணியைத் தொண்ணூறு நாள் ஒத்திவைக்குமாறு ஏகமனதாகக் கேட்டுக்கொள்ளப்பட்டது. நகல், தாய்க்கு.

தாய் காத்திருந்தாள். கரு காத்திருக்கவில்லை; அந்த மாதமே உண்டாகிவிட்டது. தீர்மானத்தைப் படிக்க ஒரு மூளை வேண்டும். அதைத்தான் அது அப்போது மடித்துக்கொண்டிருந்தது.

அவளுடைய ஐந்தாம் மாதத்தில், கர்ப்பச் சான்று சரிபார்க்கப்பட்டு, ஒப்புதல் வந்தது. முத்திரை சார் தானே தையல் பிரிவுக்கு நடந்துபோய் மாத்திரையை நீட்டினார்.

"பாத்தியாம்மா, விடாம வாங்கிக் கொடுத்துட்டேன்."

"நேத்து ஸ்கேன் எடுத்தாங்க சார். முதுகு மூடியிருக்காம்."

"அப்ப நம்ம தீர்மானம் வேலை செஞ்சிருக்கு."

"இது தப்பிச்சிருச்சு சார். நாலு மாசமா நான் தூங்கல." மெஷினிலிருந்து ஒரு சட்டைக்கையை உருவி அவரிடம் கொடுத்தாள். கீழ்ப்பக்கம் இரண்டு அங்குலம் தைக்காமல் விட்டிருந்தது. "எங்க அக்கா பிள்ளைக்கு விட்டுப்போனது இவ்வளவுதான். உங்க முத்திரையால இத மூடுங்க, பாப்போம்."

கடமை என்று வந்துவிட்டால் பின்வாங்குகிறவரா அவர். இடது கையைச் சட்டைக்கைக்குள் நுழைத்து, சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் முத்திரையை எடுத்து, பிளவின்மேல் ஓங்கிக் குத்தினார்.

பிளவு அப்படியே இருந்தது. அதன் வழியே, அவர் உள்ளங்கையில், ஊதா மையில் தெளிவாக விழுந்திருந்தது: 'காலதாமதமின்றி வழங்கப்பட்டது.'